முழுப்பணயத்தின் கணக்கு

சீட்டாட்டத்துக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் உறவு பழையது. ஒளி அலையாகப் பரவுகிறது என்று சொல்லி நம் இயற்பியல் பாடநூல்களில் நிலையான இடம் பெற்றுவிட்ட டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1657-ஆம் ஆண்டில் சூதாட்டக் கணக்குகளைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை எழுதினார். நிகழ்தகவைப் பற்றி அச்சேறிய முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். அதன் முடிவில், வாசகர்களே செய்து பார்க்கட்டும் என்று ஐந்து கணக்குகளை விட்டுச் சென்றார். ஐந்தாவது கணக்கு இது: இருவரிடம் ஆளுக்குப் பன்னிரண்டு காசுகள். மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை 11 விழுந்தால் முதலாமவருக்கு ஒரு காசு. 14 விழுந்தால் இரண்டாமவருக்கு ஒரு காசு. யாராவது ஒருவர் ஓட்டாண்டியாகும் வரை ஆட்டம் நடக்கும். இருவரின் வெற்றி வாய்ப்பு என்ன?

மூன்று பகடைகளில் 11 விழ 27 வழிகளும், 14 விழ 15 வழிகளும் உண்டு. ஆகவே ஒரு காசுக்கான போட்டியில் முதலாமவருக்கு உள்ள அனுகூலம் 9-க்கு 5. இரு மடங்குகூட இல்லை. ஆனால் பன்னிரண்டு காசும் தீரும்வரை ஆடும்போது அந்த விகிதம் 1,150-க்கு 1 என்பதையும் தாண்டிவிடுகிறது. சிறிய அனுகூலம் திரும்பத் திரும்ப வரும்போது மலைபோல் வளர்ந்துவிடுகிறது. அப்படியானால் அனுகூலம் இல்லாதவர் என்ன செய்யலாம்? ஆட்டம் திரும்பத் திரும்ப நடக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்துவிடலாம்!

போக்கர் போட்டிகளில் இதைத்தான் சிலர் செய்கிறார்கள். கையில் உள்ள அனைத்தையும் மேசை நடுவே தள்ளிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு இது முரட்டுத் துணிச்சலாகவோ மடமையாகவோ தோன்றும். சில நிலைகளில் மடமைதான். வேறு சில நிலைகளில் அதைவிடச் சிறந்த ஆட்டம் இல்லை என்று கணிதம் சொல்கிறது. எந்த நிலையில் எது என்பதைப் பார்ப்போம்.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கரில் பல வகைகள் உண்டு. பெரிய போட்டிகளில் பெரும்பாலும் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள், பிறர் பாராதபடி தரப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசை நடுவே மூன்று தவணைகளில் திறந்து வைக்கப்படும். தம்முடைய இரண்டு, பொதுவான ஐந்து ஆகிய ஏழில் சிறந்த ஐந்தைத் தேர்ந்து, யாருடைய கை உயர்ந்ததோ அவருக்கே நடுவில் குவிந்தது முழுவதும். சீட்டுப் போட்டவுடன் ஒரு முறையும், ஒவ்வொரு தவணைக்குப் பின் ஒரு முறையும் பணயம் வைக்கலாம். எதிராளி வைத்ததற்கு ஈடு வைக்கலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். விலகினால் அதுவரை வைத்தது போயிற்று.

எல்லோரும் நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால் ஆட்டம் நகராது. இதற்காக ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர், சீட்டைப் பார்க்கும் முன்பே, ஒரு சிறு தொகையையும் அதைப்போல் இரு மடங்கையும் கட்டாயமாக வைத்தாக வேண்டும். 'பிளைண்ட்' எனப்படும் இந்தக் கட்டாயப் பணயம் மேசையைச் சுற்றி முறைபோட்டு வரும்.

போட்டி என்பது தனி ரகம். நுழைவுப் பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் சம அளவில் 'சிப்' என்னும் வில்லைகள் தரப்படும். அவற்றை இடையில் பணமாக மாற்றிக்கொண்டு போக முடியாது. வில்லை தீர்ந்தவர் வெளியேறுவார். நேரம் ஆக ஆகக் கட்டாயப் பணயம் உயர்ந்துகொண்டே போகும். கடைசி வரை நிற்பவருக்கு முதல் பரிசு. அவருக்கு முன் கடைசியாக வெளியேறிய சிலருக்கு அடுத்தடுத்த பரிசுகள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 1970-ல் தொடங்கிய உலகப் போக்கர் தொடர்தான் இவற்றுள் புகழ்பெற்றது. அதன் முதன்மைப் போட்டியில் 2003-ல் 839 பேர் ஆடினார்கள். 2006-ல் அந்த எண்ணிக்கை 8,773 ஆயிற்று. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர்.

இந்தப் போட்டியில் பணயத்துக்கு மேல்வரம்பு கிடையாது. எந்தச் சுற்றிலும் தம்மிடமுள்ள வில்லைகள் அனைத்தையும் வைத்துவிடலாம். அதற்குத்தான் 'ஆல்-இன்' என்று பெயர். முழுப்பணயம் என்று நாம் சொல்வோம். வைத்தபின் அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. எதிராளி விலகினால் நடுவில் உள்ளது இவருக்கு. ஈடு வைத்தால் ஐந்து சீட்டுகளும் திறக்கப்படும். விதி முடிவு செய்யும்.

சிறுகச் சிறுகவா, ஒரேயடியாகவா?

போக்கரைச் சற்று மறந்துவிட்டு ஓர் எளிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். என்னிடம் 1,000 வில்லைகள். 8,000 ஆக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 49. மூன்று முறை தொடர்ந்து முழுப்பணயம் வைத்து வென்றால் 2,000, 4,000, 8,000. இதற்கான வாய்ப்பு 0.49-இன் மூன்றாம் அடுக்கு, அதாவது 0.118. நூற்றுக்குப் பன்னிரண்டுக்குச் சற்றே குறைவு.

'அடக்கமாக ஆடுகிறேன்' என்று ஒவ்வொரு முறையும் பத்துப் பத்து வில்லைகளாக வைத்தால்? விடை திகைக்க வைக்கும்: ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடியில் ஒன்று! நடைமுறையில் பூஜ்யம் என்றே சொல்லிவிடலாம். 49-க்கும் 50-க்கும் உள்ள ஒரே ஒரு புள்ளி வேறுபாடு, நூற்றுக்கணக்கான சிறு பணயங்களில் சேர்ந்து சேர்ந்து ஆளை விழுங்கிவிடுகிறது.

இப்போது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 51 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப்பணயமாக மூன்று முறை வைத்தால் வாய்ப்பு 0.133, முன்னதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பத்துப் பத்தாக ஆடினாலோ 0.98! கிட்டத்தட்ட நிச்சயமான வெற்றி.

குடிகாரன் நடை என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் இந்தக் கணக்குதான். அடி ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் தரை துளி சாய்வாக இருந்தால், அடிகள் பெருகப் பெருக அவன் சாய்வின் பக்கமே போய்ச் சேருவான். சாய்வு எனக்கு எதிராக இருந்தால் நான் விரும்ப வேண்டியது குறைந்த அடிகள், பெரிய அடிகள். சாய்வு எனக்குச் சாதகமாயின் சிறிய அடிகள், நிறைய அடிகள்.

பாதகமான ஆட்டத்தில் குறிப்பிட்ட இலக்கை அடைய, துணிந்து பெரிதாக வைப்பதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதை லெஸ்டர் டூபின்ஸ், லெனர்ட் சாவேஜ் என்ற இரு அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1965-ல் வெளிவந்த தங்கள் நூலில் நிறுவினார்கள். 'சூதாடித்தான் தீர வேண்டும் என்றால் எப்படி ஆடுவது' என்பது அந்த நூல் தலைப்பின் பொருள். தலைப்பில் நகைச்சுவை இருந்தாலும் உள்ளே முழுக்க முழுக்கக் கடினமான கணிதம். வாங்கிப் படித்துச் சூதாடலாம் என்று நினைத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

போக்கரில் இந்தச் சாய்வுக்குத் திறமை என்று பெயர். நான்கு சுற்றுப் பணயங்களிலும் எதிராளியின் முகத்தையும் பழக்கத்தையும் படித்து, சிறிது சிறிதாகக் கறந்துவிடுபவர் கைதேர்ந்த ஆட்டக்காரர். அவருக்கு எதிரே உட்காரும் புதியவர் நிதானமாக ஆடினால் நான்கு சுற்றிலும் நான்கு தவறுகள் செய்வார். முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் மீதி மூன்று சுற்றுகளுக்கு வேலையே இல்லை. கைதேர்ந்தவரின் கையில் இருந்த கருவிகளெல்லாம் பறிபோய்விடுகின்றன. அமெரிக்கப் போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி, போட்டிகளைப் பற்றி 2002-ல் வெளிவந்த தம் நூலில், ஆட்டமே சரியாகத் தெரியாத ஒருவருக்கென்று இப்படி ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்திருக்கிறார்: முழுப்பணயம் அல்லது விலகல், மூன்றாவது வழி கிடையாது. முன்னால் யாரேனும் பணயத்தை உயர்த்தியிருந்தால் மிக உயர்ந்த ஓரிரு கைகளுக்கு மட்டுமே முழுப்பணயம். யாரும் உயர்த்தவில்லையென்றால் ஜோடிச் சீட்டுகள், ஒரே இனத்தில் ஏஸுடன் கூடியவை என்று பட்டியல் சற்று நீளும்.

வெல்ல இரண்டு வழிகள்

இதுவரை சொன்னது பலவீனருக்கான தற்காப்பு. முழுப்பணயத்துக்கு வேறொரு பலமும் உண்டு. அது வல்லவர்களுக்கும் பயன்படுவது. எறிந்த நாணயம் பயந்து ஓடாது. எதிராளி பயந்து விலகுவார்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேசையில் நானும் ஓர் எதிராளியும் மட்டும். ஆளுக்கு 1,000 வில்லைகள். கட்டாயமாக நான் 50, அவர் 100 வைத்தாயிற்று. எனக்கு வந்திருப்பது மோசமான சீட்டு. விலகினால் என்னிடம் 950 மிஞ்சும்.

முழுப்பணயம் வைக்கிறேன். எதிராளி நிதானமானவர், தமக்கு வரும் கைகளில் நூற்றுக்கு 20-க்கு மட்டுமே ஈடு வைப்பார் என்று கொள்வோம். அப்படி ஈடு வைத்தால் நல்ல சீட்டுடன்தான் வைப்பார். ஆகவே அப்போது நான் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 30 என்றே வைத்துக்கொள்வோம். நூறு தடவையில் 80 தடவை அவர் விலக, என்னிடம் 1,100 இருக்கும். மீதி 20 தடவையில் ஆறு தடவை 2,000, பதினான்கு தடவை பூஜ்யம். சராசரி: 880 கூட்டல் 120, ஆக 1,000. விலகியிருந்தால் 950. மோசமான சீட்டு, ஈடு வைக்கப்பட்டால் பெரும்பாலும் தோல்வி, ஆனாலும் முழுப்பணயமே மேல்!

எந்த இரண்டு சீட்டும் முற்றிலும் பயனற்றது அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 52 சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 வழிகள். அவற்றுள் மிகக் கீழானது வெவ்வேறு இனத்து மூன்றும் இரண்டும். எதிராளியின் சீட்டு இன்னதென்று தெரியாத நிலையில், ஐந்து பொதுச் சீட்டுகளும் திறந்து முடிந்தபின், அதற்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பங்கு கிடைக்கிறது. உச்சியில் உள்ள ஏஸ் ஜோடிக்கு 85. அந்த ஜோடியும் 221 ஆட்டங்களுக்கு ஒரு முறைதான் வரும். அது வரட்டும் என்று காத்திருப்பவரைக் கட்டாயப் பணயமே தின்றுவிடும்.

எதிராளி பயப்படாதவராக, பாதிக் கைகளுக்கு ஈடு வைப்பவராக இருந்தால் கணக்கு மாறும். என் வாய்ப்பு அப்போது 33 என்று உயர்த்திக்கொண்டாலும் சராசரி 550 கூட்டல் 330, அதாவது 880. விலகுவதே மேல். ஆகவே என் சீட்டைவிட எதிராளியின் அச்சமே முக்கியம் என்றாகிறது.

இனி ஆளுக்கு 1,000-க்குப் பதில் 10,000 வில்லைகள் என்று கொள்ளுங்கள். கட்டாயப் பணயம் அதே 50, 100. எதிராளி இன்னும் எச்சரிக்கையாகி, நூற்றுக்கு ஐந்து கைகளுக்கு மட்டும் ஈடு வைக்கிறார். அப்போது என் வாய்ப்பு 25. சராசரி 9,845. விலகியிருந்தால் 9,950! நூற்றுக்கு 95 தடவை அவர் ஓடிப்போயும் எனக்கு நட்டம். 150 வில்லைக் குவியலைப் பிடிக்க 10,000 வில்லையைத் தூண்டிலில் மாட்டியதுதான் காரணம். தொடக்கத்தில் எல்லோரிடமும் வில்லை நிறைய இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முழுப்பணயம் வைப்பவர்கள் இந்தப் பிழையைத்தான் செய்கிறார்கள். கையிருப்பு, பெரிய கட்டாயப் பணயத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே கேள்வி. பத்து மடங்கு அளவுக்கு இறங்கிவிட்டால் முழுப்பணயம் சரியான ஆயுதம். நூறு மடங்கில் அது தற்கொலை.

இதை வெறும் அனுபவமாக விட்டுவிடாமல் முழுக் கணக்காகச் செய்து காட்டியவர்கள் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் மில்டர்சன், ட்ரோல்ஸ் சோரன்சன் என்ற இருவர். மேசையில் இருவர் மட்டுமே. வில்லைகள் மொத்தம் 8,000. கட்டாயப் பணயம் 300, 600. இந்த நிலைக்கு முழுப்பணயம் அல்லது விலகல் என்ற இரண்டே வழிகளைக் கொண்ட மிகச் சிறந்த ஆட்டத்தைக் கணிப்பொறியின் உதவியால் கண்டு 2007-ல் வெளியிட்டார்கள். அப்படி ஆடுபவரின் வெற்றி வாய்ப்பு, எல்லாச் சுற்றுகளையும் பயன்படுத்தி அப்பழுக்கின்றி ஆடுபவரின் வாய்ப்பிலிருந்து 1.4 சதவீதப் புள்ளிக்கு மேல் குறையாது! எதிராளி எப்பேர்ப்பட்ட மேதையாக இருந்தாலும் சரி. ஆட்டத்தின் நுட்பங்கள் அனைத்தையும் தூக்கி எறிந்துவிட்டால் ஏற்படும் நட்டம் அவ்வளவே. அந்நிலையில் ஆளுக்குச் சராசரியாக இருப்பது பெரிய கட்டாயப் பணயத்தைப் போல் ஏழு மடங்குக்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

மோசமான சீட்டுக்கும் பெரிய பணயம் வைப்பது ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்கலாம். ஏமாற்றுவது ஆட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட தந்திரம் அல்ல, கணிதமே கேட்கும் ஒன்று என்று காட்டியவர் ஜான் ஃபான் நாய்மன். அவரும் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னும் 1944-ல் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கரின் எளிய வடிவம் ஒன்றை அலசியிருக்கிறார்கள். சீட்டு நன்றாக இருக்கும்போது மட்டும் பெரிதாக வைப்பவரை எதிராளி எளிதில் படித்துவிடுவார். அவர் பெரிதாக வைத்ததும் விலகிவிடுவார். ஆகவே தாழ்ந்த சீட்டுக்கும் இடையிடையே, கணக்கிட்ட அளவில், பெரிதாக வைத்தே தீர வேண்டும்.

ஈடு வைப்பவரின் சங்கடம்

முழுப்பணயத்தை வைப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிரே இருப்பவர் நிலையைப் பார்த்தால்தான் இந்த ஆயுதத்தின் கூர்மை முழுவதும் புரியும்.

நான்கு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஆளுக்கு 1,000 வில்லை. பரிசுத் தொகை 100 என்றால் முதலிடத்துக்கு 50, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20, நான்காமவருக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சமம் என்பதால் இப்போது ஒவ்வொருவரின் இருப்பும் 25 பெறும். ஒருவர் முழுப்பணயம் வைக்கிறார், நான் ஈடு வைத்து வென்றுவிட்டேன். என்னிடம் 2,000. என் இருப்பின் மதிப்பு 50 ஆகிவிட்டதா?

இல்லை. முதலிடம் பெறும் வாய்ப்பு வில்லைகளின் விகிதப்படி என்று கொண்டால், எனக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு 1/2. மற்ற இருவரில் ஒருவர் முதலிடம் பெற்றால், மீதியுள்ளவர்களிடையே அதே விகிதக் கணக்கைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் இரண்டாமிட வாய்ப்பு 1/3 வரும். எஞ்சியது 1/6, மூன்றாமிடம். பரிசுகளால் பெருக்கிக் கூட்டினால் 25 கூட்டல் 10 கூட்டல் 3.33, ஆக 38.33. வில்லை இரட்டித்தது, மதிப்பு ஒன்றரை மடங்கு சொச்சம்தான் ஆயிற்று. (குதிரைப் பந்தயம் போன்றவற்றில் இரண்டாம், மூன்றாம் இட வாய்ப்புகளைக் கணக்கிட டேவிட் ஹார்வில் 1973-ல் சொன்ன முறை இது. மேசன் மால்மத் என்ற எழுத்தாளர் போக்கருக்கு இதைக் கொண்டுவந்தார்.)

தோற்றால் 25-உம் போய்விடும், வென்றால் 38.33. ஆகவே ஈடு வைக்க வேண்டுமானால் என் வெற்றி வாய்ப்பு குறைந்தது 25-ஐ 38.33-ஆல் வகுத்தது, அதாவது நூற்றுக்கு 65 இருக்க வேண்டும். வெறும் வில்லைக் கணக்கில் 50 போதும். (கட்டாயப் பணயத்தை இங்கே ஒதுக்கிவிட்டோம்.) எதிராளி சீட்டையே பாராமல் கண்ணை மூடிக்கொண்டு முழுப்பணயம் வைக்கிறார் என்று எனக்கு உறுதியாகவே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 65-ஐத் தாண்டும் கைகள் எவை? ஏழின் ஜோடியும் அதற்கு மேற்பட்ட ஜோடிகளும், ஏஸும் ராஜாவும் போன்ற சில சேர்க்கைகளும் மட்டுமே. ஏறத்தாழ இருபது ஆட்டங்களுக்கு ஒன்று! மீதி பத்தொன்பதிலும், எதிரே இருப்பவர் வெற்றுக் கையோடு மிரட்டுகிறார் என்று தெரிந்தே நான் விலக வேண்டியிருக்கிறது.

முந்தி வைத்தவருக்கு வெல்ல இரண்டு வழிகள். ஈடு வைப்பவருக்கு ஒன்றே ஒன்று. பரிசு எல்லைக்கு ஓரிரண்டு இடங்கள் இருக்கும்போது வில்லை மிகுந்தவர்கள் ஓயாமல் முழுப்பணயம் வைத்து மற்றவர்களை அலைக்கழிப்பது இதனால்தான். நேர்மையாகச் சொன்னால், போட்டிப் போக்கரில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கே சீட்டு ஏறக்குறையக் காணாமல் போய்விடுகிறது. ஒருவர் முந்திக்கொண்டார் என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

பதின்மூன்று முறை

பலம் இவ்வளவு என்றால், எப்போதும் முழுப்பணயமே வைத்துப் போட்டியை வென்றுவிடலாமா? ஒரு போட்டியில் 8,192 பேர் என்று கொள்வோம்; 2006-ஆம் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டின் பதின்மூன்றாம் அடுக்கு 8,192. ஆகவே இருப்பைப் பதின்மூன்று முறை இரட்டித்தால் வில்லை அத்தனையும் நம்முடையது. ஒவ்வொரு முறையும் வாய்ப்பு சரிபாதி என்றால் முதலிடம் பெறுவது 8,192-இல் ஒன்று. நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் அதே வாய்ப்புதான். முறைக்கு 60 என்று உயர்ந்தால் 766-இல் ஒன்று. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 80 என்ற பிரமாதமான நிலையில், சிறிய ஜோடிக்கு எதிரே பெரிய ஜோடியை வைத்துக்கொண்டே, முழுப்பணயம் வைத்தாலும் பதின்மூன்றையும் தாண்டுவது பதினெட்டில் ஒன்று! உயர்ந்த கையுடன் தோற்றுப்போனேன் என்று அங்கலாய்ப்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பதில்லை.

கைதேர்ந்தவர்கள் தொடக்க நேரத்தில் முழுப்பணயத்தைத் தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். அவர்களுக்குச் சாய்வு சாதகம். அவர்களுக்கு வேண்டியது நிறைய சிறிய அடிகள். ஆனால் கட்டாயப் பணயம் உயர உயர எல்லோருடைய இருப்பும் பத்து மடங்கு, எட்டு மடங்கு என்று சுருங்கிவிடுகிறது. அப்போது அவர்களும் முழுப்பணயக்காரர்களாக மாறியே ஆக வேண்டும். கட்டாயப் பணயத்தை வேகமாக உயர்த்தும் போட்டிகளில் இந்தக் கட்டம் சீக்கிரமே வந்துவிடும். திறமைக்கு வேலை குறைந்து, குலுக்கல் சீட்டின் குணம் ஏறிவிடும். ஆட்டத்தின் விதி ஒன்றுதான். கடிகாரத்தைத் திருகினால் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் உள்ள விகிதம் மாறுகிறது.

போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு நம் நீதிமன்றங்களுக்கும் வந்தது. தமிழ்நாட்டின் இணையவழி சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பில், ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கொண்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே இடம் தராமல், பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடை செய்தது. நம் கணக்கின்படி அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எத்தனை வில்லை, எவ்வளவு கட்டாயப் பணயம், எத்தனை ஆட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

திறமை என்று ஒப்புக்கொண்டாலும் ஒன்று மிஞ்சும். போட்டி நடத்துபவர் நுழைவுப் பணத்தில் ஒரு பகுதியைத் தம் கட்டணமாக எடுத்துக்கொள்வது வழக்கம். நூறு பேர் ஆளுக்கு 1,100 ரூபாய் கட்டி, நடத்துபவர் ஆளுக்கு நூறு எடுத்துக்கொண்டு மீதியைப் பரிசாகப் பிரித்தால், ஆடியவர்கள் அனைவரும் சேர்ந்து 10,000 ரூபாய் இழந்திருக்கிறார்கள். முழுப்பணயம் இந்தத் தொகையைக் குறைக்காது. யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை மட்டுமே மாற்றும். சராசரி ஆட்டக்காரர் ஒருவர் நூறு போட்டிகள் ஆடினால், அவர் பங்குக்கும் சராசரியாகப் பத்தாயிரம்தான் போகும்.

காசு இல்லாமல் இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சோதனை. ஒரு பையில் ஒன்பது புளியங்கொட்டைகளைப் போடுங்கள். நான்கில் சுண்ணாம்பால் புள்ளி வையுங்கள். ஆளுக்குப் பத்துத் தீக்குச்சிகள். பாராமல் ஒரு கொட்டையை எடுத்து, புள்ளி உள்ளது வந்தால் வெற்றி. கொட்டையைத் திரும்பப் பையில் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். பத்துக் குச்சியை இருபதாக்குவது இலக்கு. பத்தையும் ஒரே முறையில் வைப்பவர் நூற்றுக்கு 44 தடவை வெல்வார். ஒவ்வொரு குச்சியாக வைப்பவர் நூற்றுக்கு 10 தடவைகூட வெல்லமாட்டார். பிறகு இன்னொரு கொட்டைக்கும் புள்ளி வைத்து, ஐந்தாக்கி ஆடிப் பாருங்கள். ஒரேயடியாக வைப்பவருக்கு 56; ஒவ்வொன்றாக வைப்பவருக்கு 90! ஒவ்வொன்றாக வைக்கும் ஆட்டம் ஒரு முறை முடியவே சராசரியாக எழுபது தடவைக்கு மேல் கொட்டையை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு மூன்று நண்பர்களாகச் சேர்ந்துகொண்டு, ஒருவர் குறித்துக்கொள்ள மற்றவர் எடுப்பது நல்லது.